வி.ஆர்., எம்.ஆர். ஹெட்செட்: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் தலையில் மாட்டிக் கண்முன்னே காட்சி பார்க்கும் ஹெட்செட்டை வாங்க நினைப்பவர்களும் வாங்கிவிட்டு முழிப்பவர்களும் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான். கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறோம். விலைகள் எல்லாம் அமெரிக்காவில் அறிமுகமானபோது சொன்ன டாலர் விலை. இங்கே கைக்கு வரும்போது வரியும் கூலியும் சேர்ந்து கூடும்.

ஏனுங்க, வி.ஆர்.ங்கறாங்க, எம்.ஆர்.ங்கறாங்க, ரெண்டும் ஒண்ணுதானுங்களா?

வி.ஆரில் (வர்ச்சுவல் ரியாலிட்டி) நீங்கள் நிற்கும் அறை மறைந்துவிடும், கண்ணுக்குத் தெரிவது முழுக்கக் கணினி வரைந்த உலகம். எம்.ஆரில் (மிக்ஸ்டு ரியாலிட்டி) உங்கள் அறையே தெரியும், அதன்மேல் பொருள்கள் வைக்கப்பட்டிருக்கும். சாப்பாட்டு மேசைமேல் ஒரு மோட்டாரை வைத்து, சுற்றி வந்து பார்க்கலாம்.

இப்போது வரும் ஹெட்செட்களில் பெரும்பாலானவை இரண்டையும் செய்கின்றன. முன்பக்கக் கேமராக்கள் அறையைப் படம்பிடித்து உள்ளே இருக்கும் திரையில் காட்டும். அந்தப் படம் எவ்வளவு தெளிவு என்பதில்தான் வித்தியாசம். மெட்டா கம்பெனியின் க்வெஸ்ட் 2-இல் கறுப்பு வெள்ளை, அதுவும் புகைமூட்டமாக. க்வெஸ்ட் 3-இல் வண்ணம், போனில் வந்த மெசேஜைப் படித்துவிடலாம்.

ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்கே பெட்டி கெடைக்குதே, எதுக்குங்க அரை லட்சம் குடுக்கோணும்?

அந்தப் பெட்டிக்குள் இருப்பது இரண்டு லென்ஸ் மட்டும். திரையும் மூளையும் உங்கள் போன்தான். கூகுள் 2014-இல் கொண்டுவந்த அட்டைப்பெட்டி கார்ட்போர்டும், ஜியோ 2023-இல் 1,299 ரூபாய்க்கு விட்ட ஜியோடைவும் இந்த வகை. தலையைத் திருப்பினால் காட்சி திரும்பும். ஆனால் ஓர் அடி முன்னே எடுத்து வைத்தால் காட்சியும் கூடவே வரும், எதையும் நெருங்க முடியாது. குனிந்து பார்த்தாலும் அப்படியே. 360 டிகிரி வீடியோவோ கிரிக்கெட்டோ பார்க்க அது போதும்.

விலை கூடிய ஹெட்செட்டில் கேமராக்கள் உங்கள் தலையும் கையும் எங்கே இருக்கின்றன என்று விடாமல் கணக்கிடும். முன்னே நடந்தால் பொருளை நெருங்கலாம், குனிந்தால் மேசைக்கடியில் தெரியும். காசு கொடுப்பது இதற்குத்தான்.

இந்தப் போட்டில இப்ப யாராருங்க இருக்கறாங்க?

மெட்டா முதலில். 2012-இல் மக்களிடம் நிதி திரட்டித் தொடங்கிய ஆக்குலஸ் என்ற ஹெட்செட் கம்பெனியை ஃபேஸ்புக் (இன்றைய மெட்டா) 2014-இல் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கியது. 2019-இல் கணினியே தேவைப்படாத க்வெஸ்ட் வந்தது, 2020-இல் 299 டாலருக்கு க்வெஸ்ட் 2, 2023 அக்டோபரில் 499 டாலருக்கு க்வெஸ்ட் 3, அடுத்த ஆண்டு 299 டாலருக்கு க்வெஸ்ட் 3எஸ். சந்தையைப் பெரிதாக்கியது இந்த வரிசைதான்.

ஆப்பிள் நேர் எதிர்ப்பக்கம். விஷன் ப்ரோ 2024 பிப்ரவரியில் 3,499 டாலருக்கு வந்தது. இரண்டு திரையிலும் சேர்த்து 2.3 கோடி பிக்சல், கண்ணால் பார்த்து விரலைக் கிள்ளினால் வேலை நடக்கும். பேட்டரி தனியாக வயரில் தொங்கும். 2025 அக்டோபரில் எம்5 சிப் போட்டு அதே விலைக்குப் புதுப்பித்தார்கள். அதே மாதம் சாம்சங், கூகுளின் ஆண்ட்ராய்டு எக்ஸ்ஆர் இயங்குதளத்தை ஏற்றி கேலக்ஸி எக்ஸ்ஆரை 1,799 டாலருக்கு அமெரிக்காவிலும் கொரியாவிலும் விட்டது. ஆப்பிள் போன்ற திரை, ஏறக்குறைய பாதி விலை. கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் தனியாக வாங்க வேண்டும்.

விளையாட்டுப் பக்கம் சோனியின் பிஎஸ் வி.ஆர்.2 (2023 பிப்ரவரி) இருக்கிறது. ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் 2025 நவம்பரில் ஸ்டீம் ஃப்ரேமை அறிவித்தது. சீனத்து பைட்டான்ஸ் 2021-இல் வாங்கிய பிகோவும் உண்டு. மைக்ரோசாஃப்ட் களத்தை விட்டே போய்விட்டது. அதன் எம்.ஆர். ஹெட்செட்டான ஹோலோலென்ஸ் 2 உற்பத்தி 2024-இல் நின்றது.

வெளியே இவ்வளவு அடித்துக்கொண்டாலும் உள்ளே ஒருவர் சரக்கு ஒருவரிடம் இருக்கும். க்வெஸ்ட், கேலக்ஸி எக்ஸ்ஆர், ஸ்டீம் ஃப்ரேம் மூன்றிலும் குவால்காம் சிப்தான். விஷன் ப்ரோவின் இயங்குதளத்தில் 2025-இல் வந்த விஷன்ஓஎஸ் 26 பதிப்பு முதல் சோனியின் பிஎஸ் வி.ஆர்.2 கன்ட்ரோலரை ஆப்பிள் ஹெட்செட்டோடு சேர்க்கலாம்.

மெட்டாக்காரன் மட்டும் எப்படீங்க இவ்வளவு கம்மிக்குக் குடுக்கறான்?

ஹெட்செட்டில் லாபம் பார்ப்பது நோக்கமில்லை. அதில் நீங்கள் வாங்கும் ஒவ்வொரு ஆப்பிலும் மெட்டா 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. அடுத்த தலைமுறைக் கருவியில் ஆப்பிளிடமும் கூகுளிடமும் கைகட்டி நிற்கக் கூடாது, ஆப் விற்கும் கடை தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பதே அவர்கள் கணக்கு. இதற்காக அந்தப் பிரிவு 2023-இல் சுமார் 1,610 கோடி டாலரும், 2024-இல் சுமார் 1,770 கோடி டாலரும் நட்டம் காட்டியது.

வாங்குகிறவருக்கு இதில் தெரிய வேண்டியது ஒன்று. பெட்டியின் விலையை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். எந்தக் கடைக்குள் நுழைகிறீர்கள், அந்தக் கடை எத்தனை வருடம் திறந்திருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கீழே பல பதில்கள் இதற்கே திரும்பி வரும்.

க்வெஸ்ட் 3 வாங்கறதா, 3எஸ் வாங்கறதா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

படிக்க, டிசைன் பார்க்க, சினிமா பார்க்க என்றால் 3. பையன் குதித்து விளையாட மட்டும் என்றால் 3எஸ் போதும். சிப் இரண்டிலும் ஒன்றுதான், எடையும் ஏறக்குறைய ஒன்றுதான் (515 கிராம், 514 கிராம்). மாறுவது லென்ஸும் திரையும்.

3எஸ்-இல் இருப்பது ஃப்ரெனல் லென்ஸ். உற்றுப் பார்த்தால் இசைத்தட்டில் இருப்பதுபோல் வட்ட வட்டமாகக் கோடு தெரியும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் அதைச் சுற்றி ஒளி சிதறும், நடுவில் மட்டும்தான் தெளிவு. 3-இல் பான்கேக் லென்ஸ். ஓரம் வரை எழுத்தைப் படிக்கலாம், பெட்டியும் தட்டை. திரை கண்ணுக்கு 2064×2208, 3எஸ்-இல் 1832×1920.

கண்மணி இடைவெளியும் முக்கியம். 3-இல் சக்கரத்தைத் திருப்பி உங்கள் அளவுக்கு நுணுக்கமாக வைக்கலாம். 3எஸ்-இல் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்றே படி. கண்ணாடிக் கடையில் அளந்து கேளுங்கள், ஒரு நிமிட வேலை. 63-ஐ ஒட்டி இருந்தால் கவலையில்லை. 60.5, 65.5 என்று இரண்டு படிக்கும் நடுவில் விழுந்தால் 3எஸ்-இல் கண் சீக்கிரம் களைக்கும்.

நான் பவர் கண்ணாடி போட்டிருக்கறனுங்க. அதோடயே மாட்டலாமுங்களா?

மாட்டலாம், ஆனால் கண்ணாடியின் சில்லு ஹெட்செட் லென்ஸில் உரசக் கூடாது. இரண்டும் பெரும்பாலும் பிளாஸ்டிக், உரசினால் இரண்டிலும் கீறல் விழும், ஹெட்செட் லென்ஸை மாற்ற வழியில்லை. க்வெஸ்ட் 3-இல் முகப்பட்டையை முன்னே பின்னே தள்ள நான்கு நிலை உண்டு, கண்ணாடிக்காரர் கடைசி நிலையில் வைத்துக்கொள்ளட்டும். மாட்டும்போது முன்புறத்தை முதலில் முகத்தில் வைத்து, பிறகு பட்டையைப் பின்னால் இழுங்கள்.

தினமும் போடுவதானால் உங்கள் பவரில் செருகு லென்ஸ் செய்து காந்தத்திலோ கிளிப்பிலோ மாட்டுவது நல்லது. விஷன் ப்ரோவுக்குள் கண்ணாடி நுழையாது, அதற்கு ஸைஸ் கம்பெனியின் செருகு லென்ஸ் உண்டு. பவர் சீட்டுக்கான லென்ஸ் 149 டாலர், படிக்கும் பவருக்கு 99.

போட்டு அஞ்சு நிமிசத்துல கெறக்கமா வருதுங்க, வாந்தி வர்ற மாதிரி இருக்குது. பெட்டி கெட்டுப் போச்சுங்களா?

பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. கண் நகர்கிறோம் என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உட்கார்ந்திருக்கிறோம் என்கிறது. இந்த முரண்தான் கிறக்கம். வால்பாறைக் கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்குள் புத்தகம் படித்தால் வருவதும் இதுவே, அங்கே கண்ணும் காதும் இடம் மாறிக்கொள்கின்றன.

முதல் வாரம் நீங்கள் நின்ற இடத்திலேயே நிற்கும் ஆப்களை மட்டும் போடுங்கள், ஒரு தடவைக்கு 10 நிமிடம். கன்ட்ரோலர் குச்சியைத் தள்ளி நடக்கும் விளையாட்டு, பந்தயக் கார், ரோலர் கோஸ்டர் எல்லாம் பிறகு. அமைப்பில் இடம்விட்டு இடம் தாவும் நடையைத் தேர்ந்தெடுங்கள். எதிரே ஒரு டேபிள் ஃபேன் ஓடட்டும். காற்று ஒரே பக்கமிருந்து வருவதால் எந்தத் திசையைப் பார்க்கிறோம் என்பது உடம்புக்குத் தெரியும், லென்ஸில் ஆவியும் படியாது. வேர்க்க ஆரம்பித்ததுமே கழற்றிவிடுங்கள். தாக்குப்பிடித்துப் பழகலாம் என்று நினைப்பது தவறு. அப்படிச் செய்தவர்களுக்குப் பிறகு பெட்டியைப் பார்த்தாலே குமட்டும்.

எங்கூட்டு ஆசாரம் (கூடம்) பத்துக்குப் பத்துதானுங்க. பத்துமுங்களா?

தாராளம். நடந்து ஆட 2 மீட்டருக்கு 2 மீட்டர் வெற்றிடம் போதும், அதாவது ஆறரை அடிச் சதுரம். அதற்கு வெளியே ஒன்றரை அடி சும்மா இருக்கட்டும், கை நீள்வதற்கு. தலைக்கு மேலும் பாருங்கள். ஐந்தரை அடி ஆள் கையைத் தூக்கினால் ஏழடி, குதித்தால் எட்டடியை நெருங்கும். ஓட்டு வீட்டிலும் தாழ்ந்த கூரையிலும் ஃபேனை நிறுத்திவிட்டு ஆடுங்கள், அதற்குத்தான் டேபிள் ஃபேன்.

ஹெட்செட்டின் கேமரா தான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்வது சுவரிலும் தரையிலும் உள்ள மூலை, கோடு, படங்களை வைத்து. வெறும் வெள்ளைச் சுவரும் பளபளக்கும் டைல்ஸும் இருந்தால் திரையில் தெரியும் கை வழுக்கிக்கொண்டு போகும். சுவரில் இரண்டு காலண்டர் மாட்டினால் சரியாகிவிடும். பீரோக் கண்ணாடிமேல் ஒரு துண்டைப் போடுங்கள். டியூப்லைட்டில் படம் துடிக்கிறது என்றால் டிராக்கிங் அமைப்பில் அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அங்கிருந்து வந்த பெட்டியில் இதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

லென்ஸுக்குள்ள புழு ஊர்ந்த மாதிரி மஞ்சக்கோடு தெரியுதுங்க. தொடச்சாலும் போக மாட்டேங்குது.

அது வெயில் சுட்ட தழும்பு. ஹெட்செட் லென்ஸ் ஒரு பூதக்கண்ணாடி. ஜன்னல் வெயில் லென்ஸ் பக்கம் விழுந்தால் ஒளி குவிந்து உள்ளே இருக்கும் திரையைப் பொசுக்கும். சூரியன் நகர நகரப் பொசுங்கும் புள்ளியும் நகரும், அதனால்தான் புள்ளியாக இல்லாமல் வளைந்த கோடாகத் தெரிகிறது. சில நிமிடம் போதும். திரையை மாற்றாமல் போகாது, வாரன்ட்டியிலும் சேராது.

கழற்றியதும் லென்ஸ் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள், அல்லது துணி போட்டு மூடுங்கள். கார் டேஷ்போர்டு, மொட்டை மாடி, திண்ணை மூன்றும் ஆகாது. சூடே தனிப் பிரச்சினை. விஷன் ப்ரோவுக்கு ஆப்பிள் சொல்லும் உச்ச அறை வெப்பம் 30 டிகிரி. சித்திரையில் ஈரோடு 40-ஐத் தொடுகிறது, ஏசி இல்லாத அறையில் அது ஓடும் என்று நம்பி வாங்க வேண்டாம்.

ஊட்டுக்குப் பக்கத்துலயே ஸ்பின்னிங் மில்லுங்க. பஞ்சு பறந்து லென்ஸ்ல ஒட்டுது. எதுல தொடைக்கறது?

முதலில் கேமரா கடையில் கிடைக்கும் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். பஞ்சோடு மண்தூளும் இருக்கும், ஊதாமல் துடைத்தால் அதுவே உப்புத்தாள் ஆகிவிடும். பிறகு உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வட்டமாக. வேட்டி முனை, பனியன் வேஸ்ட், டிஷ்யூ, ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் லென்ஸில் படக் கூடாது. ஸ்பிரிட் பட்டால் மேல்பூச்சு உரிந்து பால்போல் வெளுக்கும். முகப்பட்டைக்கு ஆல்கஹால் இல்லாத ஈரத்துணி.

நுரைப்பட்டை வேர்வையையும் தேங்காயெண்ணெயையும் திருநீறையும் குடித்துக்கொள்ளும், சிலிக்கான் உறை போட்டால் கழுவிவிடலாம். 2021-இல் க்வெஸ்ட் 2 நுரைப்பட்டையால் முகத்தில் தடிப்பு வருகிறது என்று புகார் எழுந்து, மெட்டா விற்பனையை நிறுத்தி எல்லோருக்கும் சிலிக்கான் உறை கொடுத்தது.

கம்ப்யூட்டர்ல இருந்து வயரில்லாம ஆடுனா, தலையைத் திருப்பறப்ப ஓரத்துல கறுப்பாத் தெரியுதுங்க. 300 எம்பிபிஎஸ் பிளான்தானே போட்டிருக்கறேன்?

நெட் பிளானுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. படம் கணினியிலிருந்து ரூட்டர், ரூட்டரிலிருந்து உங்கள் தலை என்று வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது. கறுப்பு ஓரம் என்றால் படம் தாமதமாக வருகிறது, தலை அதற்குள் திரும்பிவிட்டது.

கணினியை ரூட்டரோடு லேன் வயரில் கட்டுங்கள், முக்கால்வாசிக் கோளாறு இதிலேயே தீரும். கணினியும் வைஃபை, ஹெட்செட்டும் வைஃபை என்றால் ஒரே காற்றை இரண்டு தடவை பயன்படுத்துகிறீர்கள். ஹெட்செட்டை 5 ஜிகாஹெர்ட்ஸில் மட்டும் சேருங்கள். ரூட்டர் அதே அறையில் கண்ணுக்குத் தெரியட்டும். பிட்ரேட்டை (நொடிக்கு அனுப்பும் படத் தரவின் அளவு) 100 எம்பிபிஎஸ்-இல் தொடங்கி 20 இருபதாக ஏற்றி, தடுக்கும் இடத்துக்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் கிராஃபிக்ஸ் கார்டு திணறுகிறது, ரெசல்யூஷனைக் குறையுங்கள்.

பிஎஸ் வி.ஆர்.2-ஐக் கணினியில் போடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. சோனி 2024 ஆகஸ்டில் 60 டாலருக்கு விட்ட அடாப்டர் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 கேட்கும், எச்டிஎம்ஐ மட்டும் உள்ள லேப்டாப்பில் வேலைக்காகாது. கண்ணைப் பின்தொடரும் வசதி, எச்டிஆர், தலையில் அதிர்வு மூன்றும் கணினியில் கிடைக்காது.

பழைய பெட்டி எட்டாயிரத்துக்கு ஒண்ணு வருதுங்க. வாங்கிப் போடலாமுங்களா?

எந்தப் பெட்டி என்று முதலில் கேளுங்கள். விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி வகை என்றால் (எச்பி ரிவெர்ப் ஜி2, சாம்சங் ஒடிஸி போன்றவை) கவனம். மைக்ரோசாஃப்ட் அந்த மென்பொருளை விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து எடுத்துவிட்டது. நன்றாக இருந்த ஹெட்செட்கள் ஒரே அப்டேட்டில் வெறும் காட்சிப்பொருள் ஆயின. 2025-இல் ஓர் இலவச டிரைவர் வந்து அவற்றில் பலவற்றுக்கு ஸ்டீமில் உயிர் கொடுத்தது, ஆனால் என்விடியா கார்டு வேண்டும். முதல் க்வெஸ்டுக்கும் மெட்டாவின் ஆதரவு முடிந்துவிட்டது.

க்வெஸ்ட் 2 என்றால் விற்பவரை நேரில் பாருங்கள். அவர் போனில் உள்ள மெட்டா ஆப்பிலிருந்து பெட்டியை நீக்கச் சொல்லுங்கள். பவர் பட்டனையும் ஒலி குறைக்கும் பட்டனையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் ஃபேக்டரி ரீசெட். பிறகு உங்கள் கணக்கில், உங்கள் போனில் அங்கேயே சேர்த்துப் பாருங்கள். சேராமல் காசு கொடுக்காதீர்கள். வெள்ளைத் திரை ஒன்றைத் திறந்து மேலே சொன்ன மஞ்சக்கோடு இருக்கிறதா பாருங்கள். கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டு, குச்சியைத் தொடாமலே மெனு தானாக நகர்கிறதா என்றும் பாருங்கள். நகர்ந்தால் குச்சி தேய்ந்துவிட்டது.

மெட்டாவுல காசு குடுத்து வாங்குன கேமு, நாளைக்கு சாம்சங் மாத்துனா கூட வருமுங்களா?

வராது. மெட்டா கடையில் வாங்கியது மெட்டா கணக்கோடு இருக்கும், ஆப்பிளில் வாங்கியது ஆப்பிளோடு. ஸ்டீமில் வாங்கிய கணினி விளையாட்டு மட்டும், கணினியோடு இணையும் எந்த ஹெட்செட்டுக்கும் பெரும்பாலும் வரும். கணினி வைத்திருப்பவர்கள் இரண்டு கடையிலும் கிடைக்கும் விளையாட்டை ஸ்டீமில் வாங்குவதே புத்திசாலித்தனம்.

ஓபன்எக்ஸ்ஆர் என்று 2019-இல் ஒரு பொதுத்தரம் வந்தது. ஆப்பிள் தவிர பெரிய கம்பெனிகள் பலவும் சேர்ந்திருக்கின்றன. அது ஆப் எழுதுபவருக்கு வேலையைக் குறைக்கும். நீங்கள் வாங்கிய ரசீதை இன்னொரு கடைக்கு அது மாற்றாது.

துபாய்ல இருந்து மச்சான் வாங்கிட்டு வர்றேங்கறாருங்க. ஏதாச்சும் பாக்கோணுமுங்களா?

பில்லை வாங்கி வரச் சொல்லுங்கள், வாரன்ட்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டு நிபந்தனைப்படிதான். விமானத்தில் கைப்பையில் வரட்டும், லித்தியம் பேட்டரி இருக்கிறது. விஷன் ப்ரோவை மட்டும் இப்படி வாங்குவது சிரமம். முகத்தை ஸ்கேன் செய்து அதற்கேற்ற அளவில் முகப்பட்டை தருகிறார்கள். மச்சான் முகத்துக்கு எடுத்தது உங்கள் முகத்தில் மூக்கோரம் வெளிச்சம் விடும்.

பையனுக்கு எட்டு வயசுங்க. அவங்க அமுச்சி (அம்மாவோட அம்மா) வாங்கிக் குடுக்கறேங்கறாங்க.

இன்னும் இரண்டு வருடம் பொறுக்கச் சொல்லுங்கள். மெட்டா 10 வயதிலிருந்து, அதுவும் பெற்றோர் கணக்கின் கீழ்தான் அனுமதிக்கிறது. சோனி 12, ஆப்பிள் 13. சின்ன முகத்தில் கண்மணி இடைவெளி 58-க்கும் கீழே இருக்கும், லென்ஸ் நடுவும் கண்ணும் ஒத்துவராது. அரைக்கிலோ எடை கழுத்துக்கும் அதிகம்.

எங்க பம்ப் கம்பெனிக்கு கொடிசியா கண்காட்சில வெக்கோணுமுங்க. கேட் (CAD) டிசைன் ஃபைல் இருக்குது, அப்படியே ஏத்திரலாமுங்களா?

அப்படியே ஏற்றினால் நகராது. கேட் வடிவில் ஒவ்வொரு போல்ட் மரையும் இருக்கும், லட்சக்கணக்கான முக்கோணமாக உடையும். ஸ்டெப் (STEP) கோப்பு வடிவில் எடுத்து, மரை, வாஷர், உள்ளே தெரியாத பாகங்களை நீக்குங்கள். பிளெண்டர் மென்பொருளில் முக்கோணங்களைக் குறைத்து மொத்தத்தைச் சில லட்சத்துக்குள் கொண்டுவந்து, ஜிஎல்டிஎஃப் (glTF) கோப்பாகச் சேமியுங்கள். முதல் தடவை ஏறக்குறைய எல்லோருக்கும் நேர்வது இரண்டு. மில்லிமீட்டர் மீட்டராகி, அரை மீட்டர்ப் பம்ப் 500 மீட்டர் மலையாக நிற்கும். அல்லது மேல்திசை மாறிப் பம்ப் மல்லாந்து கிடக்கும். ஏற்றுமதிக்கு முன் அளவை 0.001-ஆல் பெருக்குங்கள், மேல் அச்சைச் சரிபாருங்கள்.

அரங்கில் கூட்ட வைஃபையை நம்பாமல் ஆப்பைப் பெட்டிக்குள்ளேயே ஏற்றிவிடுங்கள். பார்ப்பவருக்குத் தெரிவதை டிவியிலும் காட்டினால்தான் உங்கள் ஆள் வழி சொல்ல முடியும், அதற்கு மட்டும் சொந்த ரூட்டர் ஒன்று. சார்ஜ் இரண்டு மணி நேரம்தான் நிற்கும், இரண்டு பெட்டி வைத்து மாற்றி மாற்றி ஓட்டுங்கள். உருளை இல்லாத நாற்காலியில் உட்கார வைத்துக் காட்டுங்கள்.

சரீங்க, கடைசில யாருங்க கெலிப்பாங்க? பொறுத்து வாங்கலாமுங்களா?

கம்பெனிகளே பார்வையை லேசான கண்ணாடி பக்கம் திருப்புகின்றன. மெட்டா 2025 செப்டம்பரில் 799 டாலருக்கு விட்டது ஒரு பக்கக் கண்ணில் திரை உள்ள ரே-பான் டிஸ்ப்ளே. அது ஹெட்செட் செய்யும் வேலையைச் செய்யாது, நோட்டிஃபிகேஷனும் வழியும் காட்டும். அதற்காகக் காத்திருப்பதில் பொருளில்லை.

செய்ய வேண்டிய வேலை ஒன்றைச் சொல்ல முடிந்தால், அது இன்று எந்தக் கடையில் இருக்கிறதோ அந்தப் பெட்டியை வாங்குங்கள். கணினி விளையாட்டுக்காரர் மட்டும் ஸ்டீம் ஃப்ரேம் இங்கே என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். வேலை எதுவும் மனசில் இல்லை, சும்மா பார்க்க ஆசை என்றால் வைத்திருப்பவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கி, மூன்று தடவை பத்துப் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். நான்காவது தடவை கை தானாகப் பெட்டியைத் தேடினால் வாங்கலாம்.